அட்டையில் எழுதிக் கிடந்த டிரெய்லர்

போன வாரம், புதிதாக ஆய்வாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். வண்டிச் சோதனையில் நின்றபடியே பேசினார், பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். "சார், டிராக்டர்ல டிரெய்லர் மாட்டிக்கிட்டு வந்திருக்கான். கையில சாதாரண லைட் வண்டி லைசன்ஸ்தான் இருக்கு. விடலாமா, பிடிக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க சார்."

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாயில் வேறு கேள்விதான் வந்தது. "டிரெய்லர்ல என்ன இருக்கு?" என்றேன். வாழைக்குலை என்றார். "எங்க போகுது?" சந்தைக்கு என்றார். "அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமான்னு பாருங்க, தெரிஞ்சா விடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருந்தால் அவர் மேல் தப்பில்லை. அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது. அதை உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை. இதுவரை எழுதுவதற்குள்ளேயே மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

முதலில் அந்த விதியைப் பற்றிக் கொஞ்சம். நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த காலத்தில் இந்த டிரெய்லர் விவகாரம் மாதிரி எங்களைப் படுத்தியது வேறு எதுவும் இல்லை. டிராக்டர் தனியாக வந்தால் இலகுரக வாகனம். பின்னால் டிரெய்லரை மாட்டிச் சரக்கு ஏற்றினால் அது போக்குவரத்து வாகனம், லைசன்ஸில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வரும். எடை குறைவுதானே, வேண்டாம் என்று அடுத்தது வரும். நெல் ஏற்றினால் விவசாயம், செங்கல் ஏற்றினால் வாடகை. நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மச்சான் வீட்டுக் கட்டிலை ஏற்றிக்கொண்டால் அது என்ன கணக்கு? ஒரு நீதிமன்றம் ஒன்று சொல்லும், மேலே இருக்கும் நீதிமன்றம் அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பும். சாயந்தரம் டீக்கடையில் நாங்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவோம். ஆனால் மறுநாள் ரோட்டில் நிற்கும்போது ஒவ்வொருவரும் சட்டத்தைக் கரைத்துக் குடித்த மாதிரிதான் பேசுவோம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு "எனக்குத் தெரியவில்லை" என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை, நான் உட்பட.

நான் சொல்ல வந்தது நடந்த ஐப்பசியில் எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி இருந்தது. கொஞ்ச நாள் முன்புதான் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பதினேழு பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வாங்கியிருந்தார். இன்னும் அதன் சூடு உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரியாமலே இருக்கட்டும். அவர் பார்த்து அனுப்பிய டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு அடுத்த வளைவில் கவிழ்ந்துவிட்டது. ஓட்டியவன் லைசன்ஸில் டிரெய்லர் பதிவு இல்லை. "ஏன் விட்டீர்?" என்று கேட்டார்கள். அவருடைய மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்ப்பேன்.

மூன்று நாள் விடாத மழை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றோரத் தாழ்வுகளில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. பத்மநாபபுரத்துக்கு அப்பால் ஒரு ஜங்ஷனில் காலையிலேயே என்னை நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க வரும் கார்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், லாரிகளை ஓரம்கட்ட வேண்டும், மீட்புக்கு வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பத்து மணி இருக்கும். தெற்கேயிருந்து ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் ஒரு பைபர் வள்ளம். அதன் பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் ஒரு சிவப்புச் சேலையைக் கட்டியிருந்தார்கள். வள்ளத்துக்குள் நாலு மீனவர்கள் எஞ்சினைப் பிடித்தபடி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் கடற்கரைகளில் வள்ளங்களை மணலில் ஏற்றவும் இறக்கவும் ஊருக்குப் பொதுவாக ஒரு டிராக்டர் வாங்கிப் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கோயில் கமிட்டிதான் அதற்கு ஆள் வைக்கும். அது மணலை விட்டுத் தார் ரோட்டுக்கு வருவதே இல்லை, அதனால் ஓட்டுகிறவனிடம் என்ன லைசன்ஸ் இருக்கிறது என்று ஊரில் யாரும் யோசித்ததும் இல்லை. அன்று முதல் முறையாக அது ரோட்டுக்கு வந்திருந்தது.

ஓட்டியவர் பெயர் சூசை. ஐம்பதை ஒட்டிய வயது. லைசன்ஸ் என்று கை நீட்டினேன், இரண்டு அட்டைகளைக் கொடுத்தார். ஒன்று நம் ஊர் லைசன்ஸ், இலகுரக வாகனம் மட்டும். இன்னொன்றில் அரபி எழுத்து.

"இது என்ன?"

"சவுதி லைசன்ஸ் சாரே. அங்க பதினாறு வருசம் டிரெய்லர்தான் ஓட்டினேன். நாப்பதடி டிரெய்லர்."

"இது இங்க செல்லாது."

"செல்லாதுன்னு தெரியும் சாரே. எனக்கு ஓட்டத் தெரியும்னு காட்டத்தான் தந்தேன்."

நான் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "டிரெய்லர் இழுக்க உன் லைசன்ஸ்ல பதிவு இல்ல."

"கடப்புறத்துல நெதம் இழுக்கேன் சாரே."

"கடப்புறம் ரோடு இல்ல."

"சாரே, அங்க ஒரு மூச்சு வலிக்காரரு மாடில மாட்டிக் கெடக்காராம். கிராம அதிகாரி எங்க ஃபாதருக்குப் போன் பண்ணிச் சொல்லித்தான் வந்தோம். கோயில் மணியடிச்சு ஆளு கூட்டிக் கெளம்பினோம், பேப்பர் பாக்க நேரமில்ல. போயி எறக்கிட்டு வாறேன், பொறவு என்ன வேணும்னாலும் எழுதுங்க."

அந்த மூச்சு வலிக்காரரைப் பற்றி எனக்கும் தகவல் வந்திருந்தது. ஞானமுத்து என்பவர், மனைவி தங்கத்தோடு மாடியறையில் இருக்கிறார், நெபுலைசர் மெஷினுக்குக் கரண்ட் இல்லை, படகு வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியும் என் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தப் பதினேழு பி மேஜைதான். மூன்று கிலோமீட்டர் வளைவும் இறக்கமுமான ரோடு, நனைந்த தார், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வள்ளம். கவிழ்ந்தால் ஏன் விட்டீர் என்பார்கள். எந்தச் சுற்றறிக்கை கடைசியாக வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராத விதியைத்தான் அவ்வளவு உறுதியான குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடனே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு அதை நினைத்து எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஓரம்கட்டி நிறுத்தியிருந்த லாரி வரிசையில் போய் டிரைவர்களின் லைசன்ஸ்களை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது லாரியில் கிடைத்தது. டிரைவர் பெயர் செல்லத்துரை. கனரக வாகனம், கூடவே டிரெய்லரும் பதிந்திருந்தது. இறங்கி வந்து டிராக்டரை எடு என்றேன்.

அவர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சாரே, நான் டிரெய்லர் ஓட்டுனதே கெடையாது. அது சும்மா எழுதிக் கெடக்கது."

"சும்மா யாரும் எழுதித் தர மாட்டாங்க. ஏறு."

சூசை இறங்கி வள்ளத்துக்குள் ஏறிக்கொண்டார். நான் ஜங்ஷனைப் போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் பின்னாலேயே போனேன். விதியும் மீறவில்லை, படகும் போகிறது. மேலிடத்துக்கு எப்படி எழுதலாம் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன்.

நேராகப் போகும் வரைக்கும் செல்லத்துரை நன்றாகவே ஓட்டினார். தண்ணீர் ரோட்டை மூடிய இடத்துக்கு வந்ததும்தான் வேலை ஆரம்பித்தது. அந்த இடத்தில் ரோட்டின் ஒரு பக்கம் சானல் என்கிற பாசனக் கால்வாயும் அதைக் கடக்கும் சின்னப் பாலமும், மறுபக்கம் ரப்பர் தோட்டத்துச் சுவர். டிரெய்லரைப் பின்னால் எடுத்துத் தண்ணீருக்குள் இறக்கினால்தான் வள்ளம் தானாக மிதந்து கழன்று வரும். கடற்கரையில் செய்வதும் அப்படித்தான். கையால் தூக்கலாம் என்றால் பதினைந்து பேராவது வேண்டும், அங்கே நாங்கள் ஏழு பேர்தான் இருந்தோம். சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு நடுவில், அந்த மாடி வீடு தெரிந்தது. ஜன்னலில் ஒரு பெண் துண்டை வீசிக்கொண்டிருந்தாள். தங்கம் அவள்தான்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். முன்வண்டியை ஒரு பக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறுபக்கம் போகும். செல்லத்துரை லாரி ஒடிப்பது போல ஒடித்தார். டிரெய்லர் எதிர்ப்பக்கம் திரும்பி மடங்கியது. முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வந்தார். மறுபடியும் மடங்கியது. அந்த மழையிலும் அவருக்கு வியர்த்திருந்தது. "சாரே, எனக்கு வரல்ல, எறங்கிக்கிடுகேன்" என்றார். "பைய எடு, வரும்" என்றேன். மூன்றாம் தடவை இடது சக்கரம் ரோட்டு விளிம்பை விட்டுச் சானலுக்குள் இறங்கியது. வள்ளம் சரிந்து பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இடித்துச் சிக்கி நின்றது. உள்ளே இருந்தவர்கள் குதித்துத் தப்பினார்கள்.

ஜன்னலில் வீசிக்கொண்டிருந்த துண்டு நின்றுவிட்டது.

சூசை பக்கத்தில் வந்தார். குத்திக்காட்டவில்லை, கோபப்படவில்லை, நிஜமாகவே அனுமதிதான் கேட்டார். "இப்ப நான் ஏறலாமா சாரே?"

"ஏறுங்க" என்றேன். அதுவரை அவரை நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் உடனே ஏறவில்லை. சானலுக்குள் இறங்கிச் சக்கரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். தோட்டத்துச் சுவரில் இடிந்து கிடந்த கல்லை எடுத்து அடியில் கொடுக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சுமந்தோம், நானும் சுமந்தேன். வள்ளத்தைச் சுவரிலிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது, சங்கிலி ஒரு முறை அறுந்தது. எல்லாம் முடிந்து டிரெய்லர் ரோட்டுக்கு ஏறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு அவர் டிராக்டரில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, ஒரே எடுப்பில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் கொண்டு வைத்தார். அதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடமும் செல்லத்துரை என் பக்கத்தில்தான் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

வள்ளத்தில் ஞானமுத்துவைக் கொண்டு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

நான் அங்கே போனேன். டூட்டியில் இருந்த டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன். அவர் சின்ன வயதுக்காரர், தூங்கி ரொம்ப நாளான கண். "எல்லாரும் இதைத்தான் கேக்காங்க சார். சொல்ல முடியாது" என்றார். ஆம் என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன், இல்லை என்று சொல்லியிருந்தாலும் தூங்கியிருப்பேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இது இத்தோடு முடியவில்லை. அப்போது எங்கள் மேலதிகாரியாக ஒரு அம்மா இருந்தார். அதிகம் பேச மாட்டார், கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில், தகுதியான உரிமம் இல்லாத ஓட்டுநர் மாற்றப்பட்டு, தகுதியான ஓட்டுநர் நியமிக்கப்பட்டார் என்று இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுப் பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவரச் சொன்னார். செல்லத்துரைக்கு டிரெய்லர் பதிவு கொடுத்த பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

சோதித்துத் தேர்ச்சி அளித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

எனக்கு அந்த ஆளின் முகமே நினைவில்லை. ஆனால் எப்படி நடந்திருக்கும் என்பது நன்றாகத் தெரியும். அப்போது எங்கள் சோதனை மைதானத்தில் டிரெய்லரே கிடையாது. கனரகம் எடுக்க வருபவர் டிரெய்லருக்கும் சேர்த்து விண்ணப்பித்தால், லாரியை ஒரு சுற்று ஓட்டச் சொல்வோம். லாரி ஓட்டுகிறவனுக்கு டிரெய்லர் எம்மாத்திரம் என்று இரண்டிலும் டிக் அடிப்போம். எல்லோரும் செய்தது, நானும் செய்தேன். சும்மா எழுதிக் கிடக்கிறது என்று செல்லத்துரை சொன்னது என் கையெழுத்தைப் பற்றித்தான். சும்மா எழுதித் தர மாட்டார்கள் என்று அவரிடம் அடித்துச் சொன்னதும் நான்தான்.

"இதுமாதிரி இன்னும் எத்தனை பேர் ரோட்ல இருக்காங்க?" என்று அந்த அம்மா கேட்டார். அன்று முழுக்கப் பதிவேடுகளைப் புரட்டி எண்ணினேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் செல்லத்துரை அலுவலகத்துக்கு வந்தார். அட்டையை மேஜைமேல் வைத்து, "இதுல டிரெய்லர மட்டும் அழிச்சுத் தாருங்க சாரே" என்றார். சேர்ப்பதற்கு விண்ணப்பம் இருக்கிறது. தெரியாததை அழிப்பதற்கு எங்களிடம் ஒரு படிவமும் இல்லை. அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா சொல்லி, சூசையின் ஊர் டிராக்டர் டிரெய்லரோடு சோதனை மைதானத்துக்கு வந்தது. செல்லத்துரையையும் வரச் சொல்லியிருந்தேன். முதலில் நான் ஏறினேன். ஆய்வாளராகி இருபத்து நாலு வருடம், எத்தனை பேரைத் தேர்ச்சி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். என் டிரெய்லரும் மடங்கியது. "டிராக்டர மறந்துருங்க சாரே, டிரெய்லருக்க சக்கரத்த மட்டும் பாருங்க" என்று சூசை கீழே நின்று கத்தினார். நாலாம் தடவைதான் எனக்கு வந்தது. செல்லத்துரைக்கு இரண்டாம் தடவையே வந்துவிட்டது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குள் அந்தத் தீர்ப்பும் வந்துவிட்டது. குறிப்பிட்ட எடைக்குள் இருக்கும் வண்டிக்குச் சாதாரண இலகுரக லைசன்ஸே போதும், போக்குவரத்து என்று தனியாகப் பதிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது அன்று சூசையின் பையில் இருந்த அட்டையே போதும் என்றுதான் நான் படிக்கிறேன். டிரெய்லரின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று என் பழைய சகாக்கள் இன்னும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

இனி, எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனதற்கான காரணத்தைச் சொல்கிறேன். அந்த வெள்ளம் முடிந்து சில மாதங்கள் கழித்துத் தங்கம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கணவரின் ஸ்கூட்டரைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன். அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாரே, அன்னைக்கு வள்ளத்தக் கொண்டுவந்து நின்னது நீங்கதானே?"

தலையை ஆட்டினேன்.

"நான் மேலருந்து பாத்துட்டே நின்னேன். வண்டி சானல்ல விழுந்து, நீங்க அந்த மழைல கல்லு சொமந்து பட்ட பாடு. அவரு கெடந்தது கெடந்தபடி கேட்டாரு, வாறாங்களா ஏட்டின்னு. வாறாங்க, நமக்காண்டி ஒரு ஆபீசரு கல்லு சொமக்காருன்னு சொன்னேன். அதக் கேட்டுத்தான் அவரு அவ்வளவு நேரம் பிடிச்சு நின்னாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் சாரே."

"இருக்கட்டும்மா" என்றேன். முத்திரை குத்திப் பேப்பரைக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். வண்டி விழுந்தது என்னால். ஓட்டத் தெரிந்தவரை இறக்கிவிட்டு, தெரியாது என்று சொன்னவரை ஏற்றியது நான். இரண்டு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரோட்டில் தெரியாத விதியை அத்தனை உரக்கச் சொன்னவனுக்கு, நன்றாகத் தெரிந்த இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று முறை அவள் வீட்டுப் பக்கம் போயிருக்கிறேன். பாலம் வரைக்கும் போவேன். கைப்பிடிச் சுவரில் வள்ளம் இடித்துப் பெயர்ந்த இடத்தைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள், அந்தப் பூச்சு மட்டும் வேறு நிறம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

போனில் கேட்ட தம்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் என்னிடம் இருப்பது இதுதான். விதி தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், எதிரே நிற்பவன் சிரித்தால் சிரிக்கட்டும். ஓட்டத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் அட்டையைப் பார்க்காதீர்கள், அவனை நம்புங்கள். உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டாத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை உங்களுக்கு அனுப்பும் முன் தங்கத்துக்குப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் இதைப் படித்தால், அவள் கேட்டுவிட்டாள் என்று அர்த்தம். காலையிலிருந்து என் ஸ்கூட்டரை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். மழை விட்டதும் கிளம்பலாம் என்று வீட்டில் சொன்னேன். மழை விட்டு ரொம்ப நேரமாகிறது.